பகைவரின் கடவுளர்: எர்த்சீ நூல்களில் ஒரு பண்பாட்டின் சித்திரிப்பு

இல்லாத நாடொன்றைப் படைக்கும் எழுத்தாளர் அந்நாட்டிற்கு மலையும் கடலும் மட்டுமன்றிக் கடவுளரையும் அளிக்கவேண்டியவராகின்றார். அக்கடவுளர் யாருடைய கண்கொண்டு நோக்கப்படுகின்றனர் என்பது அத்தகைய புனைகதைகளை மதிப்பிடுதற்குரிய உரைகல்களுள் ஒன்று எனலாம். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் (1929–2018) படைத்த எர்த்சீ வரிசை இவ்வகையில் நோக்கற்பாலது. 1968 தொடக்கம் 2001 வரை ஆறு நூல்களாக வெளிவந்த இவ்வரிசையில், கார்காட் மக்களின் சித்திரிப்பு படிப்படியாக மாறிச் செல்கின்றது.

முதல் நாவலான 'எர்த்சீயின் மந்திரவாதி'யில் இம்மக்கள் கடல்கடந்து வந்து ஊரெரிக்கும் கொள்ளையராகவே தோன்றுகின்றனர். தீவுக்கூட்டத்தவர் பெரும்பாலும் செம்பழுப்பு அல்லது கரிய நிறத்தினர், கார்காட்டினரோ வெண்ணிறத்தவர். மேலைப் புனைகதைகளில் வெள்ளையருக்கே உரியதாயிருந்த நாயக இடத்தை ஆசிரியர் மாற்றியமைத்தமை துணிவான செயலே. ஆயின், நிறத்தை மாற்றிய அவர் நாகரிகர், காட்டுமிராண்டிகள் என்ற பாகுபாட்டை மாற்றினாரல்லர். மந்திரக் கலை இன்மை கார்காட்டினரின் தாழ்நிலைக்கு அடையாளமாகவே அங்கு தோன்றுகின்றது.

1971இல் நூலாக வெளிவந்த 'அட்டுவானின் கல்லறைகள்' வாசகரைக் கார்காட் நாட்டினுள்ளேயே இட்டுச் செல்கின்றது. அங்கு வழிபாடு மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளது: பெயரற்றோர் எனப்படும் பழைய இருட்சக்திகள், இரட்டைக் கடவுளர், கடவுள்மன்னன். மன்னனே கடவுளானபின் பழைய கோயில் கவனிப்பாரற்றுச் சிதைகின்றது; அவனுடைய பூசாரினியான கொசில் பெயரற்றோரை நம்புவதுமில்லை. வழிபாட்டின் வளர்ச்சியும் தேய்வும் அரசதிகாரத்துடன் பிணைந்திருத்தலை இது புலப்படுத்துகின்றது. மானிடவியலறிஞர் அல்பிரட் குரோபரின் மகளான ஆசிரியருக்கு இந்நோக்கு வாய்த்தமை வியப்பன்று.

மறுபிறவிக் கொள்கையும் இந்நாவலில் அதிகாரத்தின் கருவியாகவே செயற்படுகின்றது. இறந்த தலைமைப் பூசாரினியின் மறுபிறவியெனத் தெரியப்படும் தெனார் என்னும் சிறுமி, பெற்றோரையும் பெயரையும் இழந்து, 'உண்ணப்பட்டவள்' எனப் பொருள்படும் அர்ஹா ஆகின்றாள். அவளுக்கு விடுதலையின் வழியைக் காட்டுபவன் கெட் என்னும் அயல்நாட்டு மந்திரவாதி. உண்மை இன்னும் மந்திரவாதிகளின் பக்கமே நிற்கின்றது.

2001இல் வெளிவந்த 'மற்றைய காற்று' இந்நிலையைத் தலைகீழாக்குகின்றது. மூன்றாம் நாவல் (1972) காட்டிய இறந்தோரின் வறண்ட நிலம், சாவை வெல்ல விழைந்த பண்டைய மந்திரவாதிகள் ட்ராகன்களிடமிருந்து கவர்ந்துகொண்டதென இங்கு வெளிப்படுகின்றது. மந்திரத்தைத் துறந்த கார்காட்டினரின் மறுபிறவி நம்பிக்கையே உண்மைக்கு அணித்தாகின்றது. முன்னர் தாழ்வாகத் தோன்றிய அதே செய்தி இப்போது ஒரு மறுப்பாக, தெரிந்தெடுத்த வாழ்நெறியாகப் பொருள் பெறுகின்றது.

தெனாரைச் சிறைப்படுத்திய கொள்கையே ஈற்றில் மெய்யாதல் முரண்பாடன்றோ எனக் கேட்கலாம். மக்களின் நம்பிக்கை வேறு, அதனைக் கைப்பற்றி ஆள்வோரின் நிறுவனம் வேறு என்பதே இதற்குரிய விடை. எனினும், இவ்வேறுபாட்டை நிகழ்ச்சிகளால் உணர்த்தாது பெரிதும் உரையாடல்களால் விளக்குதல் இறுதி நாவலின் குறைபாடாகும்.

இக்குறை இருப்பினும், தாம் படைத்த உலகின் தீர்ப்பைத் தாமே மீள்விசாரணை செய்த நேர்மை ஆசிரியருக்கு உண்டு. இளையோருக்கென எழுதப்பட்டவை என்ற காரணங்கொண்டு இத்தகைய ஆக்கங்களைத் திறனாய்வாளர் புறந்தள்ளுதல் பொருத்தமன்று.