செந்திலா, ரக்ஷிதாவா? 2018 தீர்ப்பு, மறுவிசாரணை

விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசன் 2018 ஜூலையில் முடிந்தது. புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷுக்கு முதலிடம். 50 லட்ச ரூபாய் மதிப்புள்ள வீடு பரிசு. மைசூரிலிருந்து வந்திருந்த ரக்ஷிதா சுரேஷுக்கு இரண்டாமிடம். முடிவை அறிவித்த இரவே சண்டை தொடங்கிவிட்டது. மண்ணின் குரல் ஜெயித்தது என்று ஒரு கூட்டம், பாட்டு தோற்றது என்று இன்னொரு கூட்டம். இரண்டிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அந்த ஆவணி மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் இந்த வழக்கு வாய்ச்சண்டையாகிவிட்டது.

வருடங்கள் போன பிறகும் அந்த முடிவு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மற்ற சீசன்களில் தோற்றவரும் வென்றவரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒருவர் சங்கதி கொஞ்சம் சுத்தம், ஒருவர் சுருதி கொஞ்சம் இறக்கம், அவ்வளவுதான் வேறுபாடு. 2018இல் மேடையேறிய இருவரும் பாடுவது என்ற சொல்லுக்கே வேறு வேறு அர்த்தம் வைத்திருந்தார்கள்.

விசாரணைக்கு முன் இரண்டு சாட்சிகளைத் தள்ளிவைக்க வேண்டும்.

முதல் சாட்சி, பின்னால் கிடைத்த வாய்ப்புகள். செந்தில் தரப்பு 2019 படங்களில் இடம்பெற்ற 'சின்ன மச்சான்', 'டங்கா டங்கா' இரண்டையும் காட்டும். ரக்ஷிதா தரப்பு 2022இல் பொன்னியின் செல்வனுக்காக ரஹ்மான் இசையில் பாடிய 'சொல்' பாட்டை நீட்டும். இந்தக் கணக்கு செல்லாது. இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேறிய செந்திலின் மனைவி ராஜலட்சுமிதான் 2021இல் புஷ்பாவின் தமிழ் வடிவத்தில் 'வாயா சாமி' பாடினார், தெருத்தெருவாக ஒலித்தது. அதற்கும் முன்னால், 2011இல் மூன்றாவது சீசனில் பட்டம் சாய்சரணுக்குப் போனது. அவருக்குப் பின்னால் நின்ற சத்யபிரகாஷும் பூஜாவும் 2017இல் மெர்சலின் 'ஆளப்போறான் தமிழன்' பாட்டில் இடம்பிடித்தார்கள். பாட்டு வாய்ப்பு என்பது இசையமைப்பாளரின் தேவை, படத்தின் காட்சி, அந்த வாரம் யார் ஊரில் இருக்கிறார் என்பதெல்லாம் சேர்ந்த விஷயம். 2018இல் யார் நன்றாகப் பாடினார் என்பதை அது சொல்லாது.

இரண்டாவது சாட்சி, நம் வீட்டு டிவி. நாம் கேட்டது மிக்ஸ் செய்த ஒலி. பின்னால் முழு வாத்தியக் குழு, கோரஸ். சரணம் உருகும் இடத்தில் கேமரா அம்மாவின் முகத்துக்குப் போய்விடும். அதன்பிறகு நாம் பாட்டைக் கேட்பதில்லை, அம்மாவைப் பார்க்கிறோம். ஆகவே நான் சொல்லப்போவதும் ஒரு நேயரின் காது சொல்வதுதான். ஆனால் ஒரே இரவு நிகழ்ச்சியை வைத்துச் சொல்லவில்லை, மாதக்கணக்கில் கேட்டது.

ரக்ஷிதாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், அவர் பாட்டில் சிக்கல் குறைவு. சுருதி நகராது. மெலடி, வேகப்பாட்டு, மேற்கத்திய சாயல், கர்நாடகச் சாயல் என எதைக் கொடுத்தாலும் மூச்சு எங்கே எடுக்கிறார் என்று தெரியாமல் பாடிவிடுவார். கீழ் ஸ்தாயியில் குரல் மெலியாது, மேலே போனால் கிறீச்சிடாது. குறை என்று பார்த்தால் அந்தச் சுத்தமே குறை. மூலப் பாடகி எங்கே வளைத்தாரோ அங்கேயே வளைப்பார், எங்கே சிரித்தாரோ அங்கேயே சிரிப்பார். தேர்வுத்தாள் போல எழுதப்பட்ட பாட்டு. இந்தப் பெண் தன்னை மறந்து பாடுவதை ஒரு தடவையாவது கேட்கமாட்டோமா என்று சில வாரங்கள் தோன்றியது.

செந்தில் கணேஷ் விஷயம் அப்படி எளிதில் முடியாது. அவர் குரல் மைக்குக்காக உருவான குரல் இல்லை. திருவிழா மைதானத்தில், தவிலுக்கும் உறுமிக்கும் மேலே, கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் காதில் சொல் விழவேண்டும் என்று பழகிய தொண்டை. அதனால் எடுப்பே உச்சத்தில் இருக்கும். சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறித்து விழும். தமிழில் பாடுகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த உச்சரிப்பு வாய்க்காது. வரியின் கடைசியில் அவர் விடும் இழுவையை ஸ்வரப்படுத்தி எழுத முடியுமா என்று தெரியவில்லை. ராஜலட்சுமியோடு சேர்ந்து பாடும்போது பாட்டு பேச்சாகிவிடும்: அவர் சீண்ட, இவர் மடக்க, நடுவில் தாளம் ஒரு இமைகூடப் பிசகாது. கேட்பவரை இழுத்துப் பிடிக்கும் வித்தையில் அந்த மேடையில் அவருக்கு இணை இல்லை.

பலவீனங்களும் இருந்தன. மெதுவான மெலடிகளில் நீண்ட கார்வை அவரிடம் நிற்காது. ஒலியின் அளவு குறையவேண்டிய இடத்தில் குறையாது. காதலும் சோகமும் கோபமும் ஒரே உரத்த குரலில் வந்தன. பெரும்பாலும் நாட்டுப்புறச் சாயல் பாடல்களே அவருக்கு அமைந்ததால் இந்தப் பலவீனங்கள் அதிகம் வெளியே தெரியவில்லை.

நடுவர்கள் மேல் எனக்கு வருத்தம் இந்த இடத்தில்தான். உன்னிகிருஷ்ணன், அனுராதா ஸ்ரீராம், ஸ்வேதா மோகன், பென்னி தயாள் நால்வரும் தேர்ந்த பாடகர்கள். ரக்ஷிதா பாடி முடித்தால் பிருகா, சங்கதி, மூச்சு என்று நுணுக்கமாகப் பேசுவார்கள். செந்தில் பாடி முடித்தால் எழுந்து நின்று கைதட்டுவார்கள். மண்வாசனை, கிராமம், பாரம்பரியம் என்ற சொற்கள் வரும். கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் தெம்மாங்குக்கும் இலக்கணம் உண்டு. கும்மியின் நடை வேறு, ஒப்பாரியின் நடை வேறு. வட்டாரத்துக்கு வட்டாரம் மெட்டு மாறும். இன்றைக்கு நீங்கள் பாடிய தெம்மாங்கு போன வாரத்துடையதைவிட ஒரு படி குறைவு என்று சொல்ல ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா, சின்னப்பொண்ணு என்று நாட்டுப்புறக் குரல்களைச் சினிமா ஊறுகாய் போலத் தொட்டுக்கொண்டு வந்த வரலாறு நமக்குத் தெரியும். குறை சொல்லாமல் தட்டிய கையும் அதே பந்தியில் பரிமாறியதுதான். ஒரு கலைஞனின் பாட்டில் பிழை தேடக்கூட நேரம் ஒதுக்காமல் அவனைக் கும்பிட்டு அனுப்பிவைப்பதை நான் மரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

செந்தில் தரப்பின் வலுவான வாதம் இதிலிருந்தே பிறக்கிறது. தமிழ்நாட்டின் குரலைத் தேடுகிறோம் என்கிறீர்களே, சினிமாப் பாட்டு மட்டும்தான் தமிழ்நாடா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதை முழுவதும் கேட்க வேண்டும். நாட்டுப்புறப் பாட்டும் பாடத்திட்டத்தில் சமபாகம் என்றால் ரக்ஷிதாவும் ஒரு ஒப்பாரி பாடியிருக்க வேண்டும், தெம்மாங்கு வாத்தியார் ஒருவர் நிரந்தர நடுவராக உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது சினிமாப் பாட்டுப் போட்டி. அதில் ஒருவர் எல்லாத் தாளும் எழுதினார், இன்னொருவர் தனக்குப் பிடித்த ஒரு தாளை மிக அழகாக எழுதினார்.

கன்னடத்துப் பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பது என்ற வாதமும் அப்போது எழுந்தது. இதற்கு நிறைய மை செலவழிக்கத் தேவையில்லை. பி. சுசீலா, எஸ். ஜானகி, பி.பி. ஸ்ரீனிவாஸ், எஸ்.பி. பாலசுப்ரமணியம் எல்லாம் ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள், சித்ரா கேரளத்திலிருந்து. இவர்களைக் கழித்துவிட்டுத் தமிழ் சினிமாப் பாட்டைப் பற்றிப் பேச முடியுமா?

இனி வாக்கு. கடைசி முடிவில் மக்கள் வாக்குக்குப் பெரும்பங்கு கொடுப்பது இந்த நிகழ்ச்சியின் வழக்கம். மக்கள் முட்டாள்கள் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் பட்டம் வென்றவர்களின் வரிசையைப் பாருங்கள். 2006இல் நிகில் மேத்யூ, பிறகு அஜீஷ், சாய்சரண், திவாகர், ஆனந்த் அரவிந்தாக்ஷன், செந்தில் கணேஷ், 2019இல் மூக்குத்தி முருகன், 2021இல் ஸ்ரீதர் சேனா. எட்டு சீசன், எட்டு ஆண்கள். பூஜா, பரிதா, ரக்ஷிதா, புண்யா என்று பெண்கள் இறுதி மேடை வரை வந்துகொண்டே இருந்தார்கள். பெரியவர்களுக்கான பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் போனது 2023இல், ஒன்பதாவது சீசனில் அருணாவுக்கு. சிறுவர்களுக்கான ஜூனியர் போட்டியில் அல்கா அஜித், ஸ்பூர்த்தி, பிரித்திகா என்று சிறுமிகள் தாராளமாக வென்றிருக்கிறார்கள். குழந்தையாக இருக்கும்வரை செல்லம் கொடுத்துவிட்டு, வளர்ந்த பெண் பாடினால் கையைக் கட்டிக்கொள்கிறோம். நன்றாகப் பாடும் பெண்ணுக்கு அவள் திறமையே போதும் என்று விட்டுவிடுகிறோம். பையன் பாடினால் அவன் குடும்பம் முன்னுக்கு வரவேண்டும் என்று போனை எடுக்கிறோம். இது என் ஊகம்தான். எட்டுக்கு எட்டு என்ற கணக்கு ஊகமில்லை.

ஒன்றை மட்டும் செந்தில் தரப்புக்கு விட்டுக்கொடுக்கிறேன். அவர் வென்றதால் ஊர் ஊராகக் கச்சேரி செய்யும் நாட்டுப்புறக் கலைஞர்கள் மேல் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. அது நல்லது. அந்த நன்மையைப் பாட்டு மதிப்பெண்ணோடு கூட்டக்கூடாது.

போட்டி தனக்கென்று வைத்துக்கொண்ட அளவுகோலின்படி 2018 பட்டம் ரக்ஷிதா சுரேஷுக்குப் போயிருக்க வேண்டும். செந்தில் கணேஷ் இரண்டாமிடம், அதிக தூரத்தில் இல்லாத இரண்டாமிடம். அந்த இறுதிச் சுற்று இரவில் எங்கள் வீட்டிலிருந்து போன வாக்குகள் எல்லாம் செந்திலுக்குத்தான். என்னுடையதும்.