மூலம் பார்க்காதவரின் பயம்

மூலப் படத்தைப் பார்க்காமல் அதன் முன்கதையைப் பார்ப்பது வீண் என்பது இன்று பலரும் சொல்லும் வேதவாக்கு. உளவியல் திகிலில் இது தலைகீழ் வாதம். முன்கதை தேறுமா என்பதை மூலம் பார்க்காதவரே சரியாகச் சொல்ல முடியும்.

டை வெஸ்ட்டின் 'பேர்ல்' (2022) அதற்குச் சான்று. 1918, டெக்சாஸ் பண்ணை வீடு. ஊரெங்கும் விஷக்காய்ச்சல், போருக்குப் போன கணவன், முடங்கிய அப்பா, இறுகிப்போன அம்மா, நடுவே சினிமாவில் ஆடத் துடிக்கும் பெண். அதே ஆண்டு முன்னதாக வந்த மூலமான 'எக்ஸ்' படத்தைப் பார்த்தவருக்கு, 1979இல் அவள் என்னவாகியிருப்பாள் என்பது தெரியும். அவர் கொலைகளுக்காகக் காத்திருப்பார். பார்க்காதவரோ நடனத் தேர்வில் அவள் ஜெயித்துவிட வேண்டுமே என்று தவிப்பார். அந்தத் தவிப்பு நொறுங்கும் இடத்தில்தான் திகில் பிறக்கிறது.

தமிழில் 'அந்த நாள்' (1954), 'அதே கண்கள்' (1967) போன்றவை கொலையாளி யார் என்ற புதிரையே பிடித்துக்கொண்டு ஓடின. கொலையாளியின் மனதுக்குள் துணிந்து இறங்கியவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்கள்: அல்லிநகரம் பாரதிராஜாவும், தேவாரத்தை அடுத்த பண்ணைப்புரத்து இளையராஜாவும். தேனி மண் என்றாலே வயலும் வாய்க்காலும் என்று எழுதுவோர், 1978இன் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். செய்யாத தப்புக்குப் பழி சுமந்த அநாதைச் சிறுவன், அடைக்கலம் கிடைத்த வீட்டில் ஒரு கொலையைக் கண்ணால் காண்கிறான். கொலைகாரனாக வளரும் திலீப்பின் அந்தப் பிளாஷ்பேக், படத்துக்குள்ளேயே அடங்கிய முன்கதை. பழியை எல்லாம் பெண்கள்மீது போட்டது படத்தின் தீராத களங்கம். ஆனாலும் அந்தச் சிறுவனின் மிரட்சியைப் புரிந்துகொள்ள வேறெதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இளையராஜாவின் நூறாவது படமான, பாலுமகேந்திராவின் 'மூடுபனி' (1980) இன்னும் நுட்பமானது. அப்பாவிடம் அடிபட்ட அம்மாவைக் கண்ட பிள்ளையின் காயத்தை அது கூச்சலின்றிக் காட்டியது.

பின்னால் வந்தவர்கள் இந்தச் செல்வத்தைத் தொலைத்தார்கள். 'மணிச்சித்திரத்தாழ்' (1993) வழிவந்த 'சந்திரமுகி'யில் (2005) நாயகி கங்காவின் மனநோயாக இருந்ததை, 'சந்திரமுகி 2' (2023) நிஜப் பேயாக்கி மன்னன் வேட்டையனின் பழங்கதையைப் பகட்டாக விரித்தது. மனம் போனது, மாளிகை மிஞ்சியது. 'டிமான்ட்டி காலனி 2' (2024) சாமர்த்தியமான படம்தான். ஆனால் முதல் பாகத்தோடு முடிச்சுப் போடுவதிலேயே அதன் உழைப்பெல்லாம் கரைகிறது. பழைய ரசிகர் கைதட்டலாம். புதியவர் யாருக்காகப் பயப்படுவது?

நமக்கு வேண்டியது முடிச்சுகள் அல்ல, மனிதர்கள். திலீப்பின் சிறுவயதை, அந்தப் பெண்களின் நியாயத்தையும் சேர்த்து, யாராவது முழுப் படமாக எடுக்க வேண்டும். 'சிகப்பு ரோஜாக்கள்' என்ற பெயரையே கேள்விப்படாத கல்லூரிப் பிள்ளை ஒருவர் அதைப் பார்த்து நடுங்கினால் படம் ஜெயித்தது. பார்த்தவர் மட்டும் தலையாட்டினால் தோற்றது.