ஹிட் பாட்டு கேட்ட கம்பெனியும் ஆல்பம் கொடுத்த பாடகியும்

சொந்த இசை நிறுவனம் தொடங்கிய பாடகர்களைப் பற்றி எழுதும்போது, 'தளைகளை அறுத்தெறிந்தார்' என்று எழுதுவது வழக்கம். அறுத்தெறிந்தவர் இனி உரக்கப் பாடுவார், யாரும் செய்யாததைச் செய்து பார்ப்பார் என்றும் எதிர்பார்ப்போம். அமெரிக்கப் பாடகி ஏமி மேன் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. பெரிய கம்பெனிகளை விட்டு வெளியே வந்தபின் அவருடைய சாஃப்ட் ராக், பாப் இசை போகப்போக அடங்கியது. சுதந்திரம் அவருக்குக் கொடுத்தது முழு ஆல்பமாக யோசிக்கும் வசதி. தனித்தனிப் பாட்டாக நிறுத்துப் பார்க்கும் தராசிலிருந்து அவர் இறங்கிக்கொண்டார்.

1960இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் பிறந்தவர் மேன். பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தார். அதே நகரில் அவர் பாடிய 'டில் டியூஸ்டே' குழுவின் 'வாய்சஸ் கேரி' பாடல் 1985இல் எம்டிவியில் ஓயாமல் ஓடியது. அந்த ஒரு பாட்டே பிறகு பாரமானது. குழுவின் கடைசி ஆல்பம் 1988இல் வந்தது. முதல் தனி ஆல்பமான 'வாட்எவர்' 1993இல் வந்தது. அதை வெளியிட்ட இமாகோ நிறுவனம் நொடித்துப்போனது. 1995இன் 'ஐ'ம் வித் ஸ்டுப்பிட்' கெஃபன் நிறுவனம் வழியாக வந்தது. யுனிவர்சல், பாலிகிராம் இசை நிறுவனங்கள் இணைந்த கையோடு கெஃபன் இன்டர்ஸ்கோப்புக்குள் கரைய, மேனின் அடுத்த ஆல்பம் முன்பின் தெரியாதவர்களின் மேசைக்குப் போனது. ரேடியோவில் தூக்கி நிறுத்த ஒரு சிங்கிள், தனியாக வெளியிடும் ஒரு பாட்டு, இதில் எங்கே என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியைக் கம்பெனிக்காரர்களின் ரசனைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய நிறுவனம் ஒலிப்பதிவுக்கும் விளம்பரத்துக்கும் முன்பணம் போடுகிறது. பாடகரின் ராயல்டியிலிருந்து அது கழிந்த பிறகே அவர் கைக்குக் காசு வரும். போட்ட பணம் திரும்ப லட்சக்கணக்கில் தட்டுகள் விற்க வேண்டும். அப்படி விற்க ரேடியோ வேண்டும். ரேடியோவுக்கு மூன்றரை நிமிடத்தில் பற்றிக்கொள்ளும் ஒரு பாட்டு வேண்டும். இந்தச் சங்கிலியில் ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் வெறும் துணைக்கு வருபவை. சொந்தமாக வெளியிடுபவருக்கோ செலவு போக மீதியில் பெரும்பங்கு தன்னுடையது. சில ஆயிரம் பேர் முழு ஆல்பத்தையும் விரும்பி வாங்கினாலே பிழைப்பு ஓடும்.

மேன் தம் பாடல்களின் மாஸ்டர் பதிவுகளைக் கம்பெனியிடமிருந்து விலை கொடுத்து மீட்டார். 'டில் டியூஸ்டே'யில் டிரம்ஸ் வாசித்தவரும் பிறகு மேலாளருமான மைக்கேல் ஹவுஸ்மனுடன் சேர்ந்து சூப்பர்ஈகோ ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். அந்த ஆல்பத்தை முதலில் கச்சேரிகளிலும் இணையத்திலும் விற்று, 2000இல் கடைகளுக்கும் கொண்டுவந்தார். அதுதான் 'பேச்சலர் நம்பர் 2'. துணைத்தலைப்பில் அழிந்துபோன டோடோ பறவையின் மிச்சம் என்று ஒரு கேலி. உள்ளே 'நத்திங் இஸ் குட் இனஃப்' என்றொரு பாட்டு: எதைக் கொடுத்தாலும் திருப்தி அடையாத ஒருவரிடம் பேசுவது போல அமைந்தது. காதலன் என்றும் கேட்கலாம், கம்பெனி அதிகாரி என்றும் கேட்கலாம். தொழில் மனக்கசப்பையும் உறவின் மனக்கசப்பையும் ஒரே மொழியில் பாடிவிடுவது மேனின் தனித்திறமை.

இங்கே ஒரு முரணையும் குறிக்க வேண்டும். சொந்த முயற்சிக்குக் கதவைத் திறந்துவிட்டது ஒரு பெரிய ஸ்டுடியோ படம். பால் தாமஸ் ஆண்டர்சன் 1999இல் எடுத்த 'மக்னோலியா'வின் கதையே மேனின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தது. படத்தின் ஒரு கட்டத்தில் 'வைஸ் அப்' ஒலிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் ஒரு பகுதியில், ஒருவருக்கொருவர் எட்டாத இடங்களில், ஒரு போலீஸ்காரர், போதைக்கு அடிமையான பெண், மரணப்படுக்கையில் கிடக்கும் முதியவர், அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் எல்லோரும் ஆளுக்கு ஒரு வரியாக அதே பாட்டைப் பாடுகிறார்கள். சத்தமில்லாத பியானோ, ஏறக்குறைய பேச்சுத் தொனியில் ஒரு குரல்: அதனால்தான் யார் வாயிலும் அந்தப் பாட்டு பொருந்துகிறது. பெருங்குரல் பாடகி ஒருவரின் பாட்டாக இருந்திருந்தால் காட்சி நின்றிருக்காது. அதே படத்தின் 'சேவ் மீ' ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. சிங்கிள் இல்லை என்று கம்பெனி கைவிரித்த காலத்துப் பாடகிக்குக் கிடைத்த பெயர் இது.

அடுத்து வந்த ஆல்பங்களில் 'முழுசாகக் கேள்' என்ற நிபந்தனை இறுகுகிறது. 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' (2002) அடிமைப் பழக்கங்களைச் சுற்றியே நகர்கிறது. கிட்டார்களின் ஓரத்தில் மின்னணு இரைச்சல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். உறைக்கான சித்திரங்களைக் கனடாவின் காமிக்ஸ் ஓவியர் செத் வரைந்தார். 'த ஃபர்காட்டன் ஆர்ம்' (2005) ஒரு நாவலாகவே அமைந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய குத்துச்சண்டை வீரன் ஜான், அவனோடு ஊரை விட்டுக் கிளம்பும் கரோலின், இருவருக்கும் நடுவே போதை. ஒரு கையால் எதிராளியின் கவனத்தைப் பிடித்து வைத்து, அவன் மறந்துபோன மற்றக் கையால் அடிப்பதைச் சொல்கிறது தலைப்பு. மேனே குத்துச்சண்டை பழகியவர். இந்த ஆல்பத்தின் உறை வடிவமைப்புக்குக் கிராமி கிடைத்தது. இசை பற்றி என் மதிப்பீடு சற்றுக் குறைவு: கதை நகர்கிறது, மெட்டுகளின் நடை ஒரே வேகத்தில் நிற்கிறது. வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் இந்த ஆபத்தும் உண்டு.

2008இன் ஆல்பத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரையே ஒதுக்கிவிட்டுக் கீபோர்டுகளை முன்னிறுத்தினார். 'சார்மர்' (2012) பளபளப்பான பாப். இரண்டும் நல்ல ஆல்பங்கள்; உச்சம் அடுத்தது.

'மென்டல் இல்னஸ்' (2017) அக்கூஸ்டிக் கிட்டார், பியானோ, தந்தி வாத்தியங்கள், அடுக்கடுக்கான பின்குரல்கள் என்று ஆனது. எழுபதுகளின் பிரெட் குழு, டான் ஃபோகல்பெர்க் போன்றவர்களின் சாஃப்ட் ராக்கை மேன் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டார். ராக் விமர்சகர்கள் பல காலம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிய வகை அது. காதுக்கு இதமான அந்த ஒலி, சொல்லப்படும் விஷயத்தோடு ஒத்துப்போவதில்லை. அங்குதான் ஆல்பத்தின் பலம். முதல் பாட்டு 'கூஸ் ஸ்னோ கோன்' பிறந்தது, அயர்லாந்தில் பயணத்தில் இருந்தபோது கண்ட ஒரு பூனையின் படத்திலிருந்து. கூஸ் அந்தப் பூனையின் பெயர். விளையாட்டாகத் தொடங்கிய பாட்டு, ஊர் நினைவில் தவிக்கும் தனிமையாக முடிகிறது. ஆல்பம் 2018இல் சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமியைப் பெற்றது.

'குவீன்ஸ் ஆஃப் த சம்மர் ஹோட்டல்' (2021), மனநல மருத்துவமனை வாழ்வைச் சொல்லும் சூசன்னா கெய்சனின் நினைவுநூலை மேடையேற்றுவதற்காக எழுதிய பாடல்களிலிருந்து உருவானது. கதாபாத்திரங்கள், பியானோ, வயலின்கள்: ரேடியோவைப் பற்றிய எண்ணம் இதில் எள்ளளவும் இல்லை.

இந்த வழி எல்லோருக்கும் திறந்திருந்தது என்று சொல்ல முடியாது. எம்டிவி காலத்துப் புகழும் கம்பெனிப் பணத்தில் சேர்ந்த ரசிகர்களும் மேனுக்கு முன்பே இருந்தார்கள். குறுந்தகட்டை மக்கள் காசு கொடுத்து வாங்கிய காலமும் அவருக்கு வாய்த்தது. இன்று பாட்டை வெளியிடக் கம்பெனி தேவையில்லை. ஆனால் ஸ்ட்ரீமிங் தளங்களின் பிளேலிஸ்டுகள் பாட்டை ஒவ்வொன்றாகவே பொறுக்குகின்றன. இன்டர்ஸ்கோப் கேட்ட கேள்வியை இப்போது இயந்திரம் கேட்கிறது. இளம் தனியிசைக் கலைஞர்கள் மேனிடம் கற்க வேண்டியது நிறுவனம் தொடங்கும் முறையை விட, அந்தக் கேள்விக்குப் பதிலாக இன்னொரு முழு ஆல்பத்தையே எழுதி வைக்கும் பிடிவாதத்தை.