நான்கு எம்பி செய்த வேலை: நிண்டெண்டோ 64 எக்ஸ்பேன்ஷன் பேக்

ஒரு கேம் கன்சோல் வந்து மூன்று வருடம் ஆனால் போதும், "ப்ரோ எப்போ வரும்?" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. 2016 நவம்பரில் பிஎஸ்4 ப்ரோ, 2017 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ், 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ என்று இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பாதி வழியில் வன்பொருளை மேம்படுத்துவது ஏதோ இந்தப் பத்தாண்டுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1980களிலேயே தொடங்கிய பழக்கம் அது. அதில் இறங்கிய பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். உருப்படியாக அமைந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், மற்றவை ஏன் கவிழ்ந்தன என்பதும், வராமலே போனவை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் பிடிபடும். கால் நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு சாதனத்துக்கு இப்போது விமர்சனம் எழுதுவது அதற்காகத்தான்.

பொருத்துவது எப்படி?

1996-ல் நிண்டெண்டோ 64 வெளிவந்தபோதே அதன் மேற்பக்கத்தில், கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்துக்கு முன்னால், ஒரு சின்ன மூடி இருந்தது. அதைத் திறந்தால் 'ஜம்பர் பேக்' என்ற கறுப்புத் துண்டு. தன்னளவில் அது எந்த வேலையும் செய்வதில்லை. நினைவகத்துக்கான மின்பாதையை முடித்துவைக்கும், அவ்வளவுதான். ஆனால் அதைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டால் சிவப்பு விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. பின்னால் வரப்போகும் ஒன்றுக்காக முதல் நாளே போட்டுவைத்த இடம் அது.

அந்த ஒன்று 1998-ல் வந்தது. எக்ஸ்பேன்ஷன் பேக்: சிவப்புத் தலை, அதில் சூடு வெளியேறத் துளைகள், உள்ளே 4 எம்பி ராம். கன்சோலில் ஏற்கெனவே இருக்கும் 4 எம்பியோடு சேர்ந்து 8 ஆகிவிடும்.

ஜம்பர் பேக் விரலுக்கு அகப்படாத ஆழத்தில் இறுகி உட்கார்ந்திருப்பதால், அதை நெம்பி எடுக்க ஒரு பிளாஸ்டிக் கருவியையும் பெட்டியில் கொடுத்தார்கள். பழைய பொருளாக வாங்கினால் அந்தக் கருவி பெரும்பாலும் கூட வராது. தட்டை முனை ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன், வந்துவிட்டது. அவசரப்பட்டு ஒரே பக்கம் அழுத்தினால் விளிம்பு பெயர்ந்துவிடும். புதிய பேக்கைச் செருகும்போது கடைசியில் கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்தால் மறுபடியும் அதே கறுப்புத் திரைதான்.

தனி வயர் கிடையாது, தனி அடாப்டர் கிடையாது, செட்டிங் கிடையாது. மூடியை மூடினால் வேலை முடிந்தது.

ஓட்டிப் பார்த்ததில்

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் 2000-ல் வந்த 'பெர்ஃபெக்ட் டார்க்' போட வேண்டும். பேக் இல்லாமல் ஓட்டினால் கதைப்பகுதி முழுக்கப் பூட்டியிருக்கும். ஒருவரோ இருவரோ மோதிக்கொள்ளும் சில ஆட்டங்கள் மட்டும் கிடைக்கும். மொத்த விளையாட்டில் சுமார் 35 சதவீதம் என்பது அன்று சொல்லப்பட்ட கணக்கு. பேக்கை மாட்டியதும் முழுக் கதையும் திறக்கிறது. நான்கு பேர் ஒரே டிவியைப் பங்கு போட்டு, கூடவே கணினி ஆட்டும் எட்டு எதிரிகளையும் இறக்கிக்கொண்டு ஆடலாம்.

ஆனால் அப்படி எல்லோரையும் இறக்கிவிட்டு ஓர் அறைக்குள் இரண்டு குண்டு வெடித்தால் படம் தடுக்கித் தடுக்கித்தான் நகர்கிறது. மெனுவில் 'ஹை ரெஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விளிம்புகள் கூர்மையாகின்றன, வேகம் இன்னும் இறங்குகிறது. 1998-ல் வந்த 'டூரோக் 2'-விலும் இதே கதைதான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட ஒரு படத்துக்கு, புள்ளிக்கு 2 பைட் என்று வைத்தால் 150 கேபி வேண்டும். காட்டிக்கொண்டிருக்கும் படம், அடுத்து வரையும் படம், ஆழத்தைக் குறித்துவைக்கும் பகுதி என்று மூன்று சேர்ந்தால் 450 கேபி. இதையே 640-க்கு 480 ஆக்கினால் 1.8 எம்பி ஆகிவிடுகிறது. நிண்டெண்டோ 64-ல் ப்ராசஸர், கிராஃபிக்ஸ், ஒலி எல்லாவற்றுக்கும் ஒரே பொது நினைவகம். 4 எம்பியில் ஏறக்குறைய பாதியைப் படத்துக்கே கொடுத்துவிட்டால் விளையாட்டை எங்கே வைப்பது? பேக் அந்த இடநெருக்கடியைத் தீர்த்தது. நினைவகத்துக்குப் போய்வரும் பாதையை அது அகலப்படுத்தவில்லை, வரையும் சிப்பையும் வேகமாக்கவில்லை. அதனால்தான் இந்தத் திணறல். விளையாட்டில் ஒரு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றால் தெரியும் மங்கலும் மாறாது. அதற்குக் காரணம் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இருக்கும் 4 கேபி டெக்ஸ்சர் நினைவகம்; அதை வெளியிலிருந்து யாரும் பெரிதாக்க முடியாது.

இத்தனை குறையையும் மன்னிக்க வைப்பது 2000-ல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்'. 'ஒகாரினா ஆஃப் டைம்' விளையாட்டின் அதே அடித்தளத்தில் கட்டியதுதான். ஆனால் ஊர்க்காரர்கள் அவரவர் வேலை நேரப்படி நடமாடும் நெரிசலான நகரமும் தூரம்வரை தெரியும் வெளிகளும் இதில் உண்டு. பேக் இல்லாமல் போட்டால் எச்சரிக்கைத் திரையோடு நின்றுவிடும். 1999-ல் வந்த 'டாங்கி காங் 64'-ம் அப்படித்தான். ஆனால் அந்த விளையாட்டை பேக்கோடு சேர்த்தே விற்றார்கள். "இது எதற்கு?" என்று வாங்குபவர் கேட்பதற்குள் பதிலும் அதே பெட்டியில் இருந்தது.

சேகாவின் இரண்டு பாடம்

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பது சேகாவின் 32எக்ஸ். 1994 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 160 டாலருக்கு வந்தது. 16-பிட் மெகா டிரைவின் தலையில் செருகினால் அது 32-பிட் இயந்திரம் ஆகிவிடும் என்பது வாக்குறுதி. இரண்டு ஹிட்டாச்சி எஸ்ஹெச்-2 ப்ராசஸர்கள், திரையில் 32,768 நிறங்கள் என்று காகிதத்தில் எல்லாம் பலமாகத்தான் இருந்தன. பொருத்த உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். மெகா டிரைவிலிருந்து 32எக்ஸுக்கு ஒரு வயர், அங்கிருந்து டிவிக்கு ஒரு வயர், தனியாக ஓர் அடாப்டர். மெகா டிரைவின் சிடி இணைப்பான மெகா சிடியும் வைத்திருப்பவருக்குச் சுவரில் மூன்று பிளக் வேண்டும்.

அதைவிடப் பெரிய கஷ்டம் விளையாட்டு எழுதுபவர்களுக்கு. சமையல் மேடையை அகலப்படுத்திக் கொடுப்பது வேறு. வேறு பாஷை பேசும் இரண்டு சமையல்காரர்களைக் கூட்டிவந்து நிறுத்துவது வேறு. எக்ஸ்பேன்ஷன் பேக் முதலாவதைச் செய்தது, 32எக்ஸ் இரண்டாவதை. போதாக்குறைக்கு அதே மாதம் ஜப்பானில் சேகாவே அடுத்த தலைமுறை சாட்டர்னை இறக்கிவிட்டது. சில மாதத்தில் காலாவதியாகும் என்று தெரிந்த ஒன்றுக்கு யார் மெனக்கெட்டு விளையாட்டு எழுதுவார்? மொத்தம் நாற்பது விளையாட்டு அளவில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

அதே சேகா சாட்டர்னில் பாடம் கற்றுக்கொண்டது. பின்னால் இருக்கும் கார்ட்ரிட்ஜ் வாயில் முதலில் 1 எம்பி, பிறகு 4 எம்பி ராம் அட்டை. 1997-ல் ஜப்பானில் வந்த 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' 4 எம்பி அட்டையைப் பயன்படுத்தியது. ஒரு வீரன் அடி வாங்கிக் களைத்தால் சண்டையின் நடுவிலேயே கூட்டாளியை உள்ளே இழுக்கலாம். அந்த விளையாட்டின் உயிரே அதுதான். அதே விளையாட்டு பிஎஸ்1-க்கு வந்தபோது இரு பக்கமும் சேர்த்து நான்கு வீரர்களின் படங்களையும் ஒன்றாக வைக்க நினைவகம் போதவில்லை. நடுவில் ஆள் மாற்றும் வசதியையே எடுத்துவிட்டார்கள்.

வந்திருந்தால்?

இனி கற்பனைக்கு வருவோம். 1997-ல் சோனி ஒரு பிஎஸ்1 ப்ளஸ் விட்டிருந்தால்? 2 எம்பி முதன்மை நினைவகத்தை 4 ஆக்கி, 1 எம்பி பட நினைவகத்தை 2 ஆக்கியிருந்தால் சண்டை விளையாட்டுப் பிரியர்கள் சாட்டர்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் நடந்துபோகும்போது தரையும் சுவரும் நெளிகிற பிஎஸ்1-இன் பெயர்பெற்ற குறை அப்படியே இருந்திருக்கும். அது சிப் கணக்குப் போடும் முறையில் இருப்பது. நினைவகம் கூட்டித் தீராது.

சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஒரு ப்ரோ? தேவையே இருந்திருக்காது. 1993-ல் 'ஸ்டார் ஃபாக்ஸ்' கார்ட்ரிட்ஜுக்குள் சூப்பர் எஃப்எக்ஸ் சிப்பை வைத்தார்கள். 1996-ல் 'சூப்பர் மாரியோ ஆர்பிஜி'-யில் எஸ்ஏ-1 இருந்தது, கன்சோலின் 3.58 மெகாஹெர்ட்ஸுக்கு எதிராக 10.74 மெகாஹெர்ட்ஸ். வாங்கியவருக்குத் தெரியாமலே மேம்பாடு நடந்தது, வாடிக்கையாளர் இரண்டாகப் பிரியவில்லை. சிப்பின் செலவு ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் விலையிலும் ஏறியது மட்டும்தான் குறை.

உண்மையில் மனம் ஏங்குவது ஒரு பிஎஸ்2 ப்ரோவுக்கு. 2005-ல் வந்த 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' அந்த இயந்திரத்தைப் பிழிந்து எடுத்தது. ராட்சத உருவத்தின் ரோமத்தைப் பிடித்துத் தொங்கும் கட்டங்களில் நொடிக்கு 20 ஃப்ரேம்கூடத் தேறாது. பிஎஸ்2-இன் 32 எம்பியைவிடக் கூடுதல் ராமும் கொஞ்சம் வேகமான ப்ராசஸரும் கேட்ட விளையாட்டு அது. நினைவகம் மட்டும் கூட்டினால் அதற்குப் போதாது. கடைசியில் 2018-ல் அதை மறுபடி உருவாக்கியபோது பிஎஸ்4 ப்ரோவில் 60 ஃப்ரேம் கிடைத்தது.

இன்றைய ப்ரோக்கள்

சோனியும் மைக்ரோசாஃப்டும் 32எக்ஸின் பாவத்தைச் செய்யவில்லை. பிஎஸ்4-க்கும் ப்ரோவுக்கும் அடிப்படைக் கட்டமைப்பு ஒன்றே, 1.84 டெராஃப்ளாப் 4.2 ஆனது, புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ப்ரோவுக்கு வரும் எந்த விளையாட்டும் பழைய இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்று விதி வைத்தார்கள். பழையதை வைத்திருப்பவர் ஏமாறவில்லை, நியாயம்தான். அதற்குக் கொடுத்த விலை, ப்ரோவுக்கு என்று ஒரு 'மஜோராஸ் மாஸ்க்' வரவே முடியாது என்பது. வெளிவந்தபோது அமெரிக்காவில் 700 டாலர் விலை வைத்த பிஎஸ்5 ப்ரோ, டிஸ்க் டிரைவைக்கூடத் தனியாக வாங்கச் சொல்லிவிட்டு, பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் விளையாட்டைத்தான் தெளிவாகவும் வேகமாகவும் காட்டுகிறது.

தீர்ப்பு

நிறை: பொருத்துவது எளிது, தனி மின்சாரம், வயர் வேண்டாம், இது இல்லாமல் ஆடவே முடியாத நல்ல விளையாட்டுகளைத் திறந்துவிடுகிறது.

குறை: வேகம் அதிகரிக்காது, ஹை ரெஸ்ஸில் இறங்கும், இதைக் கட்டாயமாகக் கேட்ட விளையாட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பாதியில் வரும் மேம்பாடு எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நேற்றுவரை ஆட முடியாத எதை இது ஆட வைக்கிறது? எக்ஸ்பேன்ஷன் பேக்கிடம் அதற்குப் பதில் இருக்கிறது. நிண்டெண்டோ 64 வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். வாங்கும்போது அடியில் என்யுஎஸ்-007 என்று அச்சிட்ட அசல்தானா என்று பாருங்கள், முடிந்தால் 'டாங்கி காங் 64' போட்டு ஓடுகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். கழற்றிய ஜம்பர் பேக்கைத் தூக்கி எறிய வேண்டாம். என்றாவது எக்ஸ்பேன்ஷன் பேக் பழுதானால், ஜம்பர் பேக் இல்லாமல் கன்சோல் ஓடாது.