இலவச லேப்டாப்புக்கு ஒரு பிரவுசர்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு லேப்டாப்போடு வந்தார். மூத்த பெண் பிளஸ் டூ படிக்கையில் அரசு கொடுத்தது. கடைக்குட்டிக்கு காலேஜ் விண்ணப்பம் போடணும். பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காசு. "இதுல ஆகுமா தம்பி, இல்ல பழைய இரும்புக்குப் போட்டுடவா?"

2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். வாங்கிக் கொடுத்தது எல்காட். இந்த மெஷினில் 2 ஜிபி ராம், விண்டோஸ் 7, கூடவே சி-டாக்கின் பாஸ் லினக்ஸ். லினக்ஸை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. நான் பார்த்த இலவச லேப்டாப்கள் பலவற்றிலும் இதே கதைதான். கொடுத்தார்களே ஒழிய, அப்டேட் பண்ணச் சொல்லித்தர ஆள் இல்லை.

கீபோர்டு, திரை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. செத்தது பிரவுசர். உள்ளே இருந்த பழைய ஃபயர்பாக்ஸுக்குப் பல தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழே புரியவில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதி. குரோமும் விண்டோஸ் 7-ஐ 109-ஆம் பதிப்போடு கைவிட்டது. கடைசியில் ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆரை பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். நெட் பேங்கிங் மட்டும் இதில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தளங்கள் திறந்தன. ஆனால் அந்த விண்ணப்பப் பக்கம்! கேட்பது பெயர், பிறந்த தேதி, மதிப்பெண். அதற்கு முன்னால் ஓடும் படங்கள், அனிமேஷன், என்னென்னவோ ஸ்கிரிப்ட். பத்துப் பெட்டி நிரப்ப எதற்கு இவ்வளவு? "உங்கள் பிரவுசரைப் புதுப்பியுங்கள்" என்ற பட்டையை வேலையில் நானே எத்தனையோ பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

பையன் முக்கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டான். போட்டோ ஏற்றத்தான் மூணு தடவை.