314-இல் அடங்காத ஸ்டாக்

1938 நவம்பரில், சிகாகோ பல்கலைக்கழக மைதானத்துக்குள் எதிரணியின் பயிற்சியாளராக வந்தார் 76 வயது ஏமஸ் அலான்சோ ஸ்டாக். மைதானத்தின் பெயர் ஸ்டாக் ஃபீல்டு. கலிபோர்னியாவிலிருந்து அவர் கூட்டி வந்த காலேஜ் ஆஃப் தி பசிபிக் என்ற சிறிய கல்லூரியின் அணி, 40 ஆண்டுகள் அவரே வளர்த்தெடுத்த சிகாகோ அணியை 32-0 என்று வீழ்த்தியது. அடுத்த ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தையே கைவிட்டது.

ஸ்டாக்கைப் பற்றி யார் எழுதினாலும் 314 வெற்றிகளில்தான் தொடங்குவார்கள். 1981-இல் பேர் பிரையன்ட் என்ற பயிற்சியாளர் முந்தும்வரை அதுதான் பெரிய சாதனை. ஆனால் பசிபிக்கில் இருந்த 14 ஆண்டுகளில் அவர் வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகம். அந்த மனிதர் எப்படி யோசித்தார் என்பதைத் தெரிந்துகொள்ள, இரண்டு ஆட்டங்களைப் பார்த்தால் போதும்.

அதற்கு முன் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிராளிகள் மேலே விழுந்து மடக்குவதற்குள் கஜம் கஜமாக முன்னேற வேண்டும். பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் அது டச் டவுன்.

முதல் ஆட்டம், 1905 நவம்பர் 30. மிச்சிகன் அணி 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாமல் சிகாகோ வந்தது. ஓடிக் குவிக்கும் அணியோடு போட்டிக்கு ஓடவில்லை ஸ்டாக்கின் ஆட்கள். வால்டர் எக்கர்சால் பந்தை உயர உதைத்து உதைத்து, மிச்சிகனை அதன் எல்லைக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அப்படி ஓர் உதையைத் தன் கோல் கோட்டுக்குப் பின்னால் பிடித்த மிச்சிகன் வீரர், வெளியே ஓடிவர முயன்றார். சிகாகோ வீரர்கள் அவரை உள்ளேயே சாய்த்தார்கள். அதற்குக் கிடைத்த 2 பாயின்டுதான் ஆட்டத்தின் மொத்தக் கணக்கு: 2-0.

இரண்டாவது, 1924 நவம்பர் 8. எதிரணியான இல்லினாயின் ரெட் கிரேஞ்ச், மூன்று வாரம் முன்புதான் மிச்சிகனுக்கு எதிராக முதல் 12 நிமிடத்தில் நான்கு டச் டவுன் போட்டிருந்தார். அவரை எப்படி மடக்குவது என்று நாடே கேட்டது. பந்தே அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஸ்டாக்கின் திட்டம். நடுவழியாக மோதி மோதி, மூன்று கஜம், நான்கு கஜம் என்று சிகாகோ நகர்ந்தது. கிரேஞ்ச் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சிகாகோ 21-7 என்று முன்னிலை பெற்றது. கிடைத்த வாய்ப்புகளில் கிரேஞ்ச் மொத்தம் மூன்று டச் டவுன் போட்டு 21-21 ஆக்கிவிட்டார். என் கணக்கில் ஸ்டாக்கின் மிகச் சிறந்த ஆட்டம், அவர் வெல்லாத இந்த ஆட்டம்தான். அவ்வாண்டு வட்டார லீக் பட்டம் சிகாகோவுக்கே வந்தது.

இந்த யோசனைக்காரர் பாதிரியாராகப் போக வேண்டியவர். 1862-இல் நியூ ஜெர்சியில் பிறந்து, இறையியல் படிக்க யேல் போனார். பேஸ்பாலில் பந்து வீசிப் பேர் வாங்கினார். தொழில்முறை அணிகள் கூப்பிட்டபோது மறுத்தார். 1889-இல் அறிவிக்கப்பட்ட முதல் அகில அமெரிக்க ஃபுட்பால் அணியிலும் இடம்பிடித்தார். பிறகு, கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் ஆசிரியராக இருந்தபோது, 1892 மார்ச்சில் மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என்று வென்றார்கள். ஆசிரியர்கள் போட்ட அந்த ஒரே கூடை ஸ்டாக்குடையது!

அதே ஆண்டு, யேலில் அவருக்கு ஆசிரியராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், தாம் தலைவராக இருந்த சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் பேராசிரியர் பதவியே கொடுத்தார். ஒரு பயிற்சியாளருக்கு அப்படியொரு நிரந்தர இடம் அதுவரை கேள்விப்படாதது. முதல் சீசனில் ஆள் பற்றாமல் ஸ்டாக்கே களத்தில் இறங்கி ஆடினார்.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1905-இல் 'கோலியர்ஸ்' பத்திரிகை, வெற்றிக்காக வீரர்களைத் தேடிப் பிடித்துப் படிப்பு விதிகளைத் தளர்த்துவதாகச் சில பல்கலைக்கழகங்களைச் சாடியது. சிகாகோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. காசுக்கு ஆட மாட்டேன் என்றவரின் அணி மீது விழுந்த கறை அது. மிச்சிகனை வென்ற பெருமையோடு இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

70 வயதானதும் சிகாகோ அவரைப் பயிற்சிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறச் சொன்னது. அவர் பசிபிக்குக் கிளம்பினார். போர்க்காலத்தில் கடற்படைப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களை வைத்து 1943-இல் நல்ல அணி ஒன்றைத் திரட்டி, 81 வயதில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதை வாங்கினார். அதற்கு முந்தைய டிசம்பரில், சிகாகோவில் ஆட்டம் ஓய்ந்துபோன ஸ்டாக் ஃபீல்டின் பார்வையாளர் மேடைக்கு அடியில், என்ரிகோ ஃபெர்மியின் குழு கட்டுப்பாட்டுக்குள் வைத்த முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்தியிருந்தது.

மனைவி ஸ்டெல்லா எல்லா இடத்துக்கும் கூடவே வந்தார். ஆட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு நகர்வையும் தாளில் வரைந்து கொடுத்தவர் அவர். பின்னர் பென்சில்வேனியாவில் மகனோடு சேர்ந்து பயிற்சி அளித்த ஸ்டாக், தொண்ணூறைத் தாண்டி, பசிபிக் கல்லூரி இருந்த ஸ்டாக்டன் நகருக்குத் திரும்பினார். அங்கிருந்த இன்னொரு கல்லூரியில் இளைஞர்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். அதை விட்டது 1960-இல், 98 வயதில்.