லூயி மாலின் லிஃப்டும் நம்ம ஊர் ஜெனரேட்டரும்

புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி மேல் மாடியில். கூட்டம் சாப்பாட்டுக்கு ஏறுகிற நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. லிஃப்டுக்குள் என் அத்தையும் ஏழு வயசுப் பொடியன் ஒருத்தனும். இரண்டு தளத்துக்கு நடுவில் நின்றுவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் எங்கிருந்தோ கடப்பாரை வந்தது. கீழ்த் தளத்துக் கதவை நெம்பித் திறந்தார்கள். லிஃப்டின் தரை எங்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தது, அதற்குக் கீழே இருட்டுக் குழி. "அத்தாச்சி, காலை வெளிய போட்டு உக்காந்து அப்படியே குதிங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார் ஒருவர். அத்தைக்கு 68 வயசு. ஒரு காலை வெளியே நீட்டியும்விட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஜெனரேட்டர் போட ஆள் போயாச்சு, இப்ப வந்துரும்!"

"அத்தை, காலை உள்ள எடுங்க!" என்று நான் கத்தியது கல்யாண வீடியோவிலும் பதிவாகியிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி லூயி மால் எடுத்த 'தூக்குமேடைக்கு லிஃப்ட்' படத்தைத் திரும்பவும் பார்த்தேன். 1958-இல் வெளியான பிரெஞ்சுப் படம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயத்தைத்தான் பேசுவார்கள். ஒன்று, ராத்திரி பாரிஸில் அலைகிற ழான் மொரோவின் முகம். இன்னொன்று, மைல்ஸ் டேவிஸ் திரையைப் பார்த்துக்கொண்டே வாசித்த இசை. இரண்டும் பிரமாதம்தான். ஆனால் தலைப்பில் இருக்கிற லிஃப்டைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு இந்தப் படத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான்.

கதை இது: முதலாளியைக் கொன்றுவிட்டுக் கிளம்பிய ஜூலியன், மறந்துவிட்ட கயிற்றை எடுக்கத் திரும்பி வருகிறான். வாரக் கடைசி. அவன் லிஃப்டில் ஏறியது தெரியாமல் காவல்காரர் மெயினை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான். லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை, கம்பியும் அறவில்லை. ஒரு ஆள் ஒரு சுவிட்சை இறக்கினார், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை.

மற்ற படங்களில் நாயகன் கூரைப் பலகையைத் தள்ளிவிட்டு மேலே ஏறுவான், கம்பியைப் பிடித்துத் தொங்குவான், தப்பித்தும்விடுவான். 1988-இல் வந்த 'டை ஹார்ட்' பார்த்து வளர்ந்த என் தலைமுறைக்கு லிஃப்டின் கூரை என்றாலே ஒரு கதவு மாதிரி. மால் அப்படிப் பொய் சொல்லவில்லை. ஜூலியன் தரைப் பலகையைக் கழற்றிக் கீழே தொங்குகிறான். அந்த நேரம் பார்த்து கரண்ட் வருகிறது, லிஃப்ட் நகர்கிறது, நசுங்கப் பார்க்கிறான். சாமர்த்தியம் அவனை விடுவிக்கவில்லை, கொல்லத்தான் பார்த்தது. ராணுவத்தில் இருந்த, உடல் வலுவுள்ள ஆளுக்கே இந்த கதி.

மண்டபத்தில் நான் பார்த்ததும் இதே காட்சிதான். தொங்கிய கால் அத்தையுடையது, சுவிட்ச் ஜெனரேட்டர்காரர் கையில். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது என்பதற்காகவே ஒரு பூட்டு இருக்கிறது. கடப்பாரை முதலில் கெடுப்பது அதைத்தான். அது போக, பாதி வழியில் நிற்கும் லிஃப்டிலிருந்து கீழே குதிக்கிறவர் தடுமாறிப் பின்னால் சாய்ந்தால், லிஃப்டுக்கு அடியில் உள்ள இடைவெளி வழியாக நேரே குழிக்குள் விழுவார். உள்ளேயே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மூச்சு முட்டிவிடும் என்ற பயமும் தேவையில்லை, லிஃப்ட் காற்றுப் புகாத டப்பா இல்லை.

மாலிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் கேமரா உள்ளே இருப்பவனையே பார்க்கிறது. காவல்காரர் வந்து போகும் ஒரு துணைப் பாத்திரம். நிஜத்தில் மொத்தக் கதையும் அவர்தான். திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2024 ஜூலை 13, சனிக்கிழமை, முதுகு வலிக்கு வைத்தியம் பார்க்க வந்த 59 வயசு மனிதர் ஒருவர் லிஃப்டில் மாட்டினார். போன் விழுந்து உடைந்துபோனது. அலாரத்தை அழுத்தினார், கதவைத் தட்டினார். அவரை வெளியே எடுத்தது திங்கள் காலையில், அதுவும் வழக்கம்போல வேலைக்கு வந்த லிஃப்ட் ஊழியர் கதவைத் திறந்தபோது. குடும்பம் போலீஸில் புகார் கொடுத்துத் தேடிக்கொண்டிருந்தது. மூன்று ஊழியர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். மாலின் கதையில் ஒரு ராத்திரி, இங்கே இரண்டு. இந்த மனிதர் கொலை எதுவும் செய்யவில்லை என்பதுதான் வித்தியாசம். அலாரம் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் லிஃப்டுக்கென்று 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் வேண்டும், மின் ஆய்வாளர் பார்க்க வேண்டும். சரி. ஆனால் மணி அடித்தால் யார் ஓடிவர வேண்டும் என்பது மண்டபத்தில் யாருக்கும் தெரியவில்லை. லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த தாளில் தீப்பிடித்தால் பயன்படுத்தாதே என்று இங்கிலீஷில் இருந்தது. போன் நம்பர் அழிந்துபோயிருந்தது. 101, 112 இரண்டில் ஒன்றைக்கூட எழுதவில்லை.

திருச்சியிலிருந்து மெக்கானிக் வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை நான் கதவுப் பக்கத்திலேயே நின்று பொடியனுக்கு விடுகதை போட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர் அத்தையைப் பார்க்கக்கூட இல்லை. நேரே மாடிக்கு, மெஷின் ரூமுக்குப் போய் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் கீழே வந்து, "அம்மா, இப்ப லிஃப்ட் கொஞ்சம் நகரும், பயப்படாதீங்க, கதவுகிட்ட வராதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். திரும்ப மேலே போய் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்.

லிஃப்ட் மேலே போனது. கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், கீழே விழும் என்றுதானே எல்லோரும் நினைத்திருந்தோம். எதிர்ப் பக்கம் தொங்கும் எடை, லிஃப்டின் எடையோடு கிட்டத்தட்ட பாதி ஆட்களின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் ஒரு அத்தையும் ஒரு பொடியனும் என்றால் எதிர் எடைதான் கனம்.

அத்தை பந்தித் தளத்திலேயே இறங்கினார். பாயசம் தீர்ந்துபோயிருந்தது.